ஹாரி மாதிரி உணர்ச்சி காட்டும் முகமூடி: எத்தனை மோட்டார், எந்த ரப்பர்?

மரப்பாச்சி:
1987-இல் வந்த ‘ஹாரி அண்ட் தி ஹெண்டர்சன்ஸ்’ படத்தில் வரும் ஹாரி என்ற பிக்ஃபுட் (காட்டில் வாழ்வதாகச் சொல்லப்படும் ரோமம் அடர்ந்த மனிதக் குரங்கு) போல ஒரு முகம் வேண்டும். குழந்தைகளுக்கான 12 நிமிடக் குறும்படம். ரோம உடை தயாராகிவிட்டது, முகம்தான் இடிக்கிறது. ரப்பர் முகமூடியில் வாய் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். ஹாரி முகத்தில் தெரியும் வருத்தமும் கூச்சமும் வரவே இல்லை. அந்தப் படத்தில் எப்படிச் செய்தார்கள்? கையில் காசு குறைவு. எதில் போடலாம், எதை விடலாம்?

கம்பிகாரன்:
தாடையில் போடாதீங்க, புருவத்தில் போடுங்க. ஹாரிக்குக் கிட்டத்தட்ட வசனமே கிடையாது. அவனைக் காட்டுக்கே திருப்பி அனுப்ப அவனை வீட்டில் வைத்திருந்த ஜார்ஜ் முகத்தில் அடிக்கிற காட்சியை ஒலி இல்லாமல் ஓட்டிப் பாருங்க. ஏன் அடிக்கிறான் என்று புரியாத தவிப்பு முழுக்க முகத்திலேயே இருக்கு. ரிக் பேக்கர் அணி செய்த முகம் அது. உடைக்குள் கெவின் பீட்டர் ஹால் நடிக்க, முகத்தின் அசைவுகளை வெளியே நின்றவர்கள் ரேடியோ ரிமோட்டில் இயக்கினாங்க. 1988-இல் ஒப்பனைக்கான ஆஸ்கர் அதுக்குத்தான் கிடைச்சது.

உங்களுக்கு 4 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்) போதும். புருவத்தின் உள்முனைக்கு இடம் வலம் ஒவ்வொன்று, கீழுதட்டுக்கு ஒன்று, மேலுதட்டுக்கு ஒன்று. உள்முனை மேலே ஏறினால் சோகம், கீழே இறங்கினால் கோபம். தாடைக்கு மோட்டாரே வேண்டாம். நடிகரின் மோவாயோடு ஒரு எலாஸ்டிக் பட்டை கட்டினால் அவர் வாய் திறக்கும்போது அதுவும் திறக்கும்.

சர்வோ இழுக்கும் கம்பியை நேராக முகமூடித் தோலில் ஒட்டக் கூடாது. இழுக்கும்போது அந்தப் புள்ளி மட்டும் குழி விழும், பத்து டேக்கில் கிழியும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நைலான் வலை வெட்டி, தோலின் உட்பக்கம், தோலை வார்த்த அதே சிலிக்கான் ரப்பரால் பதித்து, கம்பியை வலையில் கோர்க்கணும். தோலுக்கு அடியில் ஃபைபர் கிளாஸில் மண்டை ஓடு மாதிரி ஒரு கூடு வரணும். புருவப் பகுதியில் தோலைக் கூட்டோடு ஒட்டிவிடாதீங்க; அங்கே டால்கம் பவுடர் பூசினால்தான் வழுக்கும். பலரும் இதை மறந்துவிட்டு மோட்டார் வலு போதவில்லை என்று மோட்டாரை மாற்றுவாங்க.

அச்சுவார்ப்பு:
தோலுக்கு அந்தக் காலத்தில் ஃபோம் லேட்டக்ஸ் என்ற நுரை ரப்பர்தான். மிக்சியில் நுரைக்க அடித்து, அச்சில் செலுத்தி, ஏறக்குறைய 85 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வேகவைக்க வேண்டும். இலேசாக இருக்கும், சின்ன மோட்டாரே இழுத்துவிடும். ஆனால் அச்சில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி நுரை பாழ். அடுப்பில் சூடு ஏறினால் அச்சே வெடிக்கும். முதல் முயற்சிக்கு இது வேண்டாம்.

பிளாட்டினம் சிலிக்கான் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் ரப்பர்) எடுங்கள், ஷோர் என்ற ரப்பர் மென்மை அளவுகோலில் 00-30. புருவத்திலும் உதட்டிலும் 3 மில்லிமீட்டர், கன்னத்தில் 6 வரை போகலாம். ஒரே கனமாக வார்த்தால் எடை கூடி மோட்டார் திணறும். கந்தகம் கலந்த களிமண்ணில் சிற்பம் செய்தால் சிலிக்கான் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். லேட்டக்ஸ் கையுறை தொட்டாலும் அதே கதி. கந்தகமற்ற களிமண், நைட்ரைல் கையுறை. ஒரு ஸ்பூன் அளவு சோதனை ஊற்றிப் பார்க்காமல் முழு அச்சில் இறங்காதீர்கள்.

நடிகர் முகத்தை அச்செடுக்கும்போது புருவத்துக்கும் இமைக்கும் வாசலின் தடவுங்கள். மூக்குத் துளைகளை ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்தில் பூசி அச்செடுக்கும் ஆல்ஜினேட் பசை காயக் காய சுருங்கும். கழற்றியதும் உடனே பிளாஸ்டர் ஊற்றிவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் முகம் சிறுத்துவிடும்.

முடி நடுவதைக் கீழிருந்து மேலே போங்கள், ஓடு வேய்வது போல. நெற்றி விளிம்பிலும் கண்ணைச் சுற்றியும் ஒவ்வொரு மயிராக ஊசியால் குத்துங்கள். மற்ற இடத்தில் ரோமத் துணி ஒட்டினால் யாருக்கும் தெரியாது.

கம்பிகாரன்:
கண்ணைச் சொல்ல மறந்தேன். ஹாரியின் முகத்தில் கண் மட்டும் ஹாலுடையது, அதனால்தான் அந்தப் பார்வையில் உயிர் இருக்கு. கண்ணாடிக் கண் வைக்காதீங்க. முகமூடியின் இமை விளிம்பு நடிகர் தோலோடு படியணும். கண்ணைச் சுற்றி முகமூடியின் நிறத்திலேயே ஒப்பனை போட்டுவிட்டால் இடைவெளி மறையும். மோட்டாரின் கையும் கம்பியும் வெளிப்பக்கம் பார்த்து இருக்கணும், கண் பக்கம் திரும்பவே கூடாது. பேட்டரி இடுப்பில், தலையில் இல்லை.

உள்ளே வெக்கை அடிக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றித் தண்ணீர் கொடுங்க. பின்னால் ஜிப் வையுங்க, பக்கத்திலேயே ஒருத்தர் நிற்கட்டும்.

மரப்பாச்சி:
மிக்க நன்றி. சின்ன எம்ஜி90எஸ் சர்வோ 2 வைத்துப் புருவத்தை மட்டும் சோதித்தபோது சும்மா இருக்கும்போதே நடுங்குகிறது. மோட்டார் கெட்டதா?

கம்பிகாரன்:
பெரும்பாலும் மின்சாரம்தான். ஆர்டுயினோவின் (சர்வோவுக்குக் கட்டளை அனுப்பும் சின்ன மின்பலகை) 5 வோல்ட் முனையிலிருந்து எடுத்தால் அப்படித்தான் நடுங்கும். சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை கொடுங்க. சப்ளை, ஆர்டுயினோ இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) சேர்த்துக் கட்டுங்க, சப்ளை முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்க. அப்புறமும் நடுங்கினால் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்க. நடுக்கம் நின்றால் தோல் எங்கேயோ பிடிச்சு இழுக்குது, பவுடர் போடணும்.