மூடோடை: சாலைக்கு அடியில் ஓடும் ஓடைக்கு ஒரு சொல்

வணக்கம் அக்கா.

பழைய வரைபடத்தில் தெரியும் ஓடை இன்று சாலைக்கு அடியில் போனால் அதைத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். 'புதையாறு' என்று அண்ணன் எழுதியதை ஏற்க மனம் வரவில்லை. புதைத்துவிட்டால் கதை முடிந்தது. சிங்கப்பூரின் பிராஸ் பசா ஓடை முடியவில்லையே!

1828ல் அச்சான, சிங்கப்பூர் நகரமைப்பைக் காட்டும் ஜாக்சன் திட்டப்படத்தின் நகலை விரித்துப் பார்த்தேன். இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு வடக்கே ஓடை வந்து கடலில் விழுகிறது. அந்த ஓடையில்தான் நம் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். டோபி காட், அதாவது சலவைத் துறை, என்ற பெயரே அதற்குச் சாட்சி. இப்போது அது ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகி, ஆர்ச்சர்ட் ரோட்டில் பெரும்பாலும் நடைபாதைக்கு அடியில் ஓடுகிறது. 2010 ஜூனில் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தபோதுதான் பலருக்கு அங்கே ஒரு கால்வாய் இருப்பதே தெரிந்தது.

முதலில் 'மறைநீர்வழி' என்று யோசித்தேன். ஆனால் மறைநீர் என்றால் ஒரு பொருளை விளைவிக்கச் செலவாகும் நீர் என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. 'நிலத்தடி ஓடை' என்றால் ஊற்றுநீர் என்று நினைப்பார்கள். மூடுபனி, மூடுவண்டி மாதிரி மூடு + ஓடை, 'மூடோடை' என்று வைக்கலாமே? ஓடை உயிரோடு இருக்கிறது, மேலே மூடி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது போகும் சிமெண்ட் பெட்டிக்கு, நிலத்தடி நீர்வழியைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'சுருங்கை' இருக்கிறது. சிலப்பதிகாரத்து மதுரையிலேயே சுருங்கை வீதி உண்டு.

சிங்கப்பூரின் பழைய கடற்கரைப் பகுதியான தெலுக் ஆயர் வேறு கணக்கு. நாகூர் தர்கா கட்டிய காலத்தில் எதிரே கடல். பிறகு மண் கொட்டி நிரப்பினார்கள். அதைத் 'தூர்ந்த கரை' என்று எழுதாதீர்கள். தூர்ந்தது என்றால் தானாக நடந்தது. இது மனிதர் செய்தது, ஆகவே 'தூர்த்த கரை'. ஒரே ஒற்றெழுத்துதான், ஆனால் யார் செய்தது என்பதை அது சொல்லிவிடுகிறது.

---

தம்பி, மூடோடை பிடித்திருக்கிறது. 'மூட ஓடை' என்று காதில் விழுமோ என்று பயந்தேன். வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "மேல மூடி இருக்கிற ஓடையா?" என்று சின்னவள் உடனே கேட்டாள். அப்புறம் என்ன யோசனை?

ஒன்றே ஒன்று. மூடியை எடுத்து ஓடையை வெளியே கொண்டுவந்தால் 'மூடோடைத் திறப்பு' சரி. பீஷான் பூங்காவில் 2012ல் நடந்ததை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். அங்கே கல்லாங் ஆறு சிமெண்ட் கால்வாயாகத் திறந்துதான் கிடந்தது. அதை வளைந்தோட விட்டார்கள். அதற்கு 'ஆற்று மீட்பு' போதும்.

நடைப்பயண வரைபடத்தில் டோபி காட் நிறுத்தத்துக்கு 'காலடியில் மூடோடை' என்றே போட்டுவிடுகிறேன்.