தொடக்கநிலை 3 மீத்திறன் தேர்வு: உங்கள் வீட்டில் எப்படி நடந்தது?

யீஷூன் அம்மா:

என் மகளுக்கு 2026-இல் மூன்றாம் வகுப்பு (தொடக்கநிலை 3). மிகுந்த திறனுள்ள பிள்ளைகளை மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்துத் தனி வகுப்பில் சேர்க்கும் சிங்கப்பூரின் மீத்திறன் கல்வித் திட்டம் (ஜிஇபி) அப்போதிருந்த வடிவில் தொடராது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார். அந்த மாற்றம் முதலில் வந்து சேர்வது இவள் வயதுப் பிள்ளைகளுக்குத்தான். பழைய முறையில் பிள்ளையை அனுப்பியவர்கள், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். எதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது? எனக்கு அதுதான் முக்கியம்.

செங்காங் அப்பா:

செய்யாமல் இருந்திருக்க வேண்டியதிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோதே ஜிஇபி தேர்வுக்கென்று தனியாக டியூஷனில் சேர்த்துவிட்டோம். சனிக்கிழமை காலை முழுக்க அதற்கே போய்விடும். ஆகஸ்டில் நடந்த முதல் கட்டத்தில் ஆங்கிலமும் கணிதமும் மட்டும். அதில் தேர்வாகிவிட்டான். அவ்வளவுதான், தஞ்சாவூரில் இருக்கும் அவன் தாத்தா வரைக்கும் செய்தி சொல்லிவிட்டோம். அக்டோபரில் இரண்டாம் கட்டம். அதே இரண்டு பாடங்களோடு பொதுத்திறன் தாளும் இருந்தது. கடைசியில் திட்டத்துக்குள் போனது அந்த வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 1 விழுக்காடுதான். இவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

எங்கே குறைந்தது என்று தெரிந்துகொள்ள எங்கள் கையில் எதுவுமே இல்லை. அன்றிரவு படுக்கப் போகும்போது கேட்டான்: “அப்பா, எனக்குக் கணக்கு வராதா?” அதுவரை வகுப்பில் அவன் மிக விரும்பிச் செய்த பாடம் கணக்குதான். பாத்திரக் கடை ரசீதைக்கூடக் கையில் வாங்கிக் கூட்டிப் பார்க்கிறவன். பழையபடி தானாக ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து உட்கார அவனுக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. அவன் ஒன்பது வயதில் எழுதிய ஒரு தேர்வை நாங்கள் குடும்ப விசேஷமாக்கியிருக்கக் கூடாது.

ஜூரோங் வெஸ்ட் அக்கா:

எங்கள் மகளுக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த சிக்கலை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. திட்டம் நடந்தது 9 தொடக்கப்பள்ளிகளில். அவற்றில் கத்தோலிக் ஹை, நன் ஹுவா, நன்யாங், தாவ் நன் ஆகிய நான்கும் சீன மரபைப் பேணும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அங்கே தாய்மொழிப் பாடம் சீனம். மீதி ஐந்தில் ஏசிஎஸ் தொடக்கப்பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். ஆக, தமிழ் படிக்கும் பெண்பிள்ளைக்குக் கையில் இருந்தவை நான்கு பள்ளிகள். எங்கள் வீட்டிலிருந்து கிளமென்டியில் இருக்கும் நன் ஹுவாவுக்குச் சட்டென்று போய்விடலாம், ஆனால் தமிழை விட நாங்கள் தயாராக இல்லை. அதனால் தூரத்துப் பள்ளி. விடியற்காலை ஐந்தேகாலுக்கு எழுப்புவேன், பள்ளிப் பேருந்தில் ஏறியதும் தூங்கிவிடுவாள்.

படிப்பு நன்றாகத்தான் இருந்தது. சின்ன வகுப்பு, கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாத ஆசிரியர்கள். அவள் வகுப்பில் தமிழ் எடுத்தவள் இவள் ஒருத்திதான். தமிழ்ப் பாட வேளையில் வேறு வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்காருவாள். இன்றைக்கும் அவளோடு பேசிக்கொண்டிருக்கும் தோழிகள் அந்தத் தமிழ் வகுப்பில் கிடைத்தவர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

பல ஆண்டுகள் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். முதல் கட்டப் பட்டியல் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வருவான். வாடகை வீட்டுப் பிள்ளை, வீட்டில் ஆங்கிலப் பேச்சே கிடையாது. வாக்கியக் கணக்கைத் தாளில் கொடுத்தால் பாதியில் நின்றுவிடுவான். அதையே நான் வாயால் சொன்னால், மற்றவர்கள் பென்சிலை எடுப்பதற்குள் விடை வந்துவிடும். ஒருமுறை நான் கற்றுக்கொடுக்காத வழியில் செய்துகாட்டினான், அது சரியாகவும் இருந்தது. அவன் பெயர் பட்டியலில் இல்லை. அந்தக் கணிதத் தாளும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. நான் பார்த்ததை எழுதிச் சேர்க்க அந்த முறையில் எனக்கு இடம் இருக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால்தான் புதிய முறையில் எனக்கு ஓரளவு நம்பிக்கை. இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக ஒரே தேர்வு. அதோடு வகுப்பில் பிள்ளை செய்யும் வேலையையும் ஆசிரியர் கவனித்ததையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே திட்டம் நடத்தும். அந்த வயதுப் பிள்ளைகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பது கல்வி அமைச்சின் நோக்கம். இன்னும் கூடுதலாக வேண்டியவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகு அருகில் உள்ள ஒரு பள்ளிக்குப் போய்ப் படிக்கலாம். 1984-இலிருந்து நடந்துவந்த ஒன்றில் இது பெரிய மாற்றம்.

ஆனால் முப்பது நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அமைதியான பிள்ளை ஆசிரியர் கண்ணில் படாமல் போய்விடும். யீஷூன் அம்மா, உங்கள் மகள் வீட்டில் தானாகச் செய்கிறாளே, யாரும் சொல்லாமல், அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். “என் பிள்ளை கெட்டிக்காரி” என்று சொல்வதால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவள் செய்ததைக் காட்டினால் தெரியும்.

யீஷூன் அம்மா:

ரொம்ப நன்றி, டீச்சர். அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு, பார்த்துவைத்திருந்த சனிக்கிழமை வகுப்பை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். எம்ஆர்டி ரயில் தடங்களை வரைந்து, எந்த நிலையத்தில் மாறினால் குறைவான நிறுத்தங்களில் பாட்டி வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணி எண்ணி எழுதியிருக்கிறாள். படிக்காமல் கிறுக்குகிறாள் என்று போன வாரம்தான் திட்டினேன். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போகிறேன்.