அரைக்காமல் எடுக்கும் நுண்பொடி: ஊட்டி ஆய்வக அனுபவம்

ஊட்டியில் எம்.ஃபார்ம் படித்தவர்:

சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு வைத்து மருந்தை நுண்துகளாக எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் புராஜெக்டே அதுதான்.

இந்த வாயுவை 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அழுத்தம் 74 பாரையும் தாண்டிவிட்டால் அது திரவமும் இல்லை, வாயுவும் இல்லை. கண்ணாடி ஜன்னல் வைத்த கலத்தில் அந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். சூடு ஏற ஏறக் கோடு மங்கும். கொஞ்ச நேரம் எல்லாமே கலங்கிப் பழுப்பாகும். அப்புறம் பளிச்சென்று தெளியும், கோடு இருக்காது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அந்த நிலையில் அது திரவம்போலப் பொருளைக் கரைக்கும், வாயுபோலச் சட்டென்று விரியும். நாங்கள் கை பழகியது நாப்தலீனில், அதாவது பாச்சை உருண்டையில். கரைசலைத் தலைமுடியின் தடிமன்கூட இல்லாத துளை வழியே வெளியே விட்டால் அழுத்தம் விழுந்து, கரைக்கும் சக்தி போய்விடும். கரைந்திருந்த பொருளுக்குப் பெரிய படிகமாக வளர நேரமே கிடைக்காது. பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். ஹானே, ஹோகார்த் என்ற இருவர் 1879லேயே, அழுத்தத்தைக் குறைத்ததும் கரைந்த உப்பு பனியாக விழுவதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள்.

உயிரை வாங்குவது அந்தத் துளை இருக்கும் முனை, அதாவது நாசில்தான். விரியும்போது வாயு பயங்கரமாகக் குளிர்வதால் துளையிலேயே உலர்பனி கட்டி அடைத்துக்கொள்ளும். நாசிலைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அந்தச் சூடு மாறினால் துகளின் அளவும் மாறும்.

மலைக்குளிரில் ஒரு வசதி உண்டு. பம்புக்குள் போகும்வரை கார்பன் டை ஆக்சைடு திரவமாகவே இருக்க வேண்டும், அதற்காகப் பம்ப் தலையைக் குளிர்விப்பார்கள். ஊட்டியில் அந்தக் குளிர்விக்கும் கருவிக்கு, அதாவது சில்லருக்கு, அவ்வளவு வேலை இல்லை. ஆனால் 20 டிகிரியில் 57 பார் காட்டும் சிலிண்டர், 10 டிகிரிக் காலையில் 45தான் காட்டும். புதிதாக வந்தவர்கள் வாயு தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். மலையில் இந்த வேலை செய்பவர்கள் தயவுசெய்து ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

என் மகனுக்கு வீசிங். இன்ஹேலர் மருந்தும் நுண்பொடிதான் என்று டாக்டர் சொன்னார். அதை மில்லில் அரைத்தால் போதாதா?

ஊட்டியில் எம்.ஃபார்ம் படித்தவர்:

போதும், பல மருந்துகளை ஜெட் மில்லில்தான், அதாவது வேகமாக வீசும் வாயுவில் துகள்களை மோதவிட்டுத்தான் அரைக்கிறார்கள். நுரையீரலுக்குள் போய்ச் சேர 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு வேண்டும், பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிவிடும். ஆனால் மில்லில் துகள்கள் மோதி மோதி மின்னேற்றம் பிடிக்கும், மேற்பரப்பில் படிக அமைப்பு குலையும், ஒன்றோடொன்று ஒட்டும். அதனால்தான் இந்த வழியைத் தேடுகிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல், பெரும்பாலான மருந்துகள் கார்பன் டை ஆக்சைடில் கரைவதே இல்லை. அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். மஞ்சளில் உள்ள குர்குமினை அசிட்டோனில் கரைத்து, அழுத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்குள் தெளிப்போம். அது அசிட்டோனை இழுத்துக்கொள்ளும், குர்குமின் தனியே விழும். தெளித்து முடித்ததும் அவசரப்பட்டு அழுத்தத்தை இறக்கக் கூடாது. புது வாயுவை நிதானமாக ஓடவிட்டு அசிட்டோனை முழுக்க வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் அது திரும்பத் திரவமாகி, விழுந்த பொடியை மறுபடியும் கரைத்துவிடும்.