ஜெபம் நடக்கும்போது கரன்ட் வந்தால் மோட்டார் போடலாமா?

தமுவே தகப்பன்:
சிரிக்காமல் படியுங்கள். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே ராத்திரி ஏழரைக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கொரு ஜெபம், இருபது நிமிஷம், அவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை 91-ம் சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் வந்துவிட்டது. ரங்கூன்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்கு மூன்றாம் மாடி, மோட்டார் ஓடினால்தான் தண்ணீர் மேலே ஏறும், கரன்ட் எப்போது வரும், வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. என் மனைவி பாதி வசனத்தில் எழுந்து போய் மோட்டாரைப் போட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "கர்த்தர் பெரியவரா, மோட்டார் பெரிசா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, வந்து உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அன்றிலிருந்து பாட்டில் அவள் குரல் கேட்கவில்லை. வீட்டின் பரிசுத்தத்தைக் காப்பது தகப்பன் பொறுப்பு என்று நினைத்துத்தான் கேட்டேன். தப்பா?

சிரியம் அண்ணன்:
தப்பே இல்லை தம்பி. பரிசுத்தம் என்றாலே கர்த்தருக்கென்று வேறாகப் பிரித்து வைப்பதுதான், எபிரெயச் சொல்லுக்கு அடிப்படை அர்த்தமே அது. தானியேல் ராஜாவின் கட்டளை வந்த பிறகும் மேல்வீட்டு ஜன்னலைத் திறந்து நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டார், சிங்கக் கெபி காத்திருக்கிறது என்று தெரிந்தே. நமக்குச் சிங்கம்கூட இல்லை, காலி வாளிதான். இன்றைக்கு மோட்டாருக்கு எழுந்தால் நாளைக்கு போன் சார்ஜுக்கு, மறுநாள் கொரியன் சீரியலுக்கு. இன்னொன்றையும் யோசியுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பர்மியம், தெருவில் பர்மியம், டீக்கடையில் பர்மியம். என் பேத்தி தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரே இடம் ராத்திரி ஜெபம். அந்த இருபது நிமிஷமும் போனால் வேதமும் போகும், தமிழும் போகும்.

மோல்மேன் அக்கா:
அண்ணே, உங்கள் வீட்டில் தண்ணீர் தூக்குவது யார்? அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.

தம்பி, உங்களுக்கு: அன்றைக்கு மோட்டார் போடாமல் விட்டிருந்தால் மறுநாள் காலையில் கீழேயிருந்து மூன்று மாடி வாளி சுமந்திருக்கப்போவது நீங்களா? ஓய்வுநாளில் ஆடு குழியில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று கேட்டவரைத்தானே கும்பிடுகிறோம். பேதுரு முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை இன்றைக்கு ராத்திரி வாசியுங்கள். மனைவிக்குரிய கனத்தைக் கொடு என்கிறார், எதற்காக? "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு." உங்கள் வீட்டு ஜெபத்துக்குத் தடை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், மோட்டார் சத்தத்திலிருந்து அல்ல.

சிரியம் அண்ணன்:
ஆடு தினமும் விழுவதில்லை அக்கா. கரன்ட் தினமும் வந்து போகிறது. அவசரத்துக்கு விலக்கு உண்டு, விலக்கே வழக்கமாகிவிட்டால் அப்புறம் ஜெபம் எங்கே? பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா, அன்றைய தலைநகர் ஆவாவின் ஜெயிலில் காலில் விலங்கோடு கிடந்தபோதும் விடாமல் இருந்ததால்தான் 1834-ல் முழு பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பையும் முடிக்க முடிந்தது. வசதி பார்த்து ஜெபித்திருந்தால் முடிந்திருக்குமா?

மோல்மேன் அக்கா:
நல்லவேளை, ஜட்சன் பேச்சை நீங்களே எடுத்தீர்கள். 1824-ல் அவரைப் பிடித்துப் போனபோது அந்த மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதி என்னவானது தெரியுமா? அவர் மனைவி ஆன் அம்மா அதை முதலில் மண்ணில் புதைத்து வைத்தார். மழைக்காலம், பூஞ்சை பிடித்துவிடும் என்று எடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார், ஜெயில்காரனுக்கே ஆசை வராத மாதிரி கரடுமுரடான தலையணை. வயிற்றில் பிள்ளையோடு, பிறகு கைக்குழந்தையோடு, அதிகாரிகள் வாசலில் போய்ப் போய் நின்றார். 1826-ல் எங்கள் ஊருக்குத் தெற்கே ஆம்ஹர்ஸ்டில் இறந்தார். சோறு கொண்டுபோனதையும் ஊசி பிடித்ததையும் வீட்டு வேலைப் பக்கம் தள்ளிவிட்டு, அவர் முழங்கால்படியிட்ட நேரத்தை மட்டும் பரிசுத்தம் என்று எண்ணுவீர்களா?

நியாங்லேபின் கத்தோலிக்கன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பெரியவர்களே. நீங்கள் பரிசுத்தம் என்பதை நாங்கள் புனிதம் என்போம், சண்டை என்னவோ ஒரே சண்டைதான். 2015 அக்டோபரில் ஒரு கணவன் மனைவிக்குச் சேர்த்தே புனிதர் பட்டம் கொடுத்தார்கள், லூயி, செலி மார்ட்டின், புனித குழந்தை தெரேசாவின் அப்பா அம்மா. அவர் கடிகாரம் பழுது பார்த்தவர், அந்த அம்மா லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர், ஒன்பது பிள்ளை பெற்று நான்கைச் சின்ன வயதிலேயே புதைத்தவர். தினம் பூசைக்கும் போனார்கள், கடைக் கணக்கும் பார்த்தார்கள். எங்கள் வீட்டு வழக்கம் கேட்டால் சிரிப்பீர்கள். கரன்ட் வந்தால் அம்மா ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே வருவார். டிரம் நிரம்ப ஜெபமாலையில் பதினைந்து மணி உருட்டும் நேரம் ஆகும் என்று எங்களுக்குக் கணக்கே உண்டு!

அரிசிக்கடை மகன்:
நான் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன், இனி முடியாது. எங்கள் அப்பா ஒரு மணி நேரம் ஜெபிப்பார். கண்ணீர் விட்டு ஜெபிப்பார். பகலில் கடை. ஒரு பியி (பர்மியப் படி) அரிசிக்கு எட்டுப் பால் டின் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா டின்னை மூட்டையில் அமுக்கி எடுக்கும்போது பெருவிரல் முழுக்க உள்ளே இருக்கும், இடது கையால் மேலே ஒரு தடவு, சமமாக நிறைந்த மாதிரி தெரியும். எட்டு டின், எட்டுப் பெருவிரல். எதிர் வீட்டுப் பர்மியக் கிழவி ஒருத்தி வீட்டுக்குப் போய் அளந்து பார்த்திருக்கிறாள் போல. திரும்பி வந்து சண்டை போடவில்லை, கடையை மாற்றிக்கொண்டாள். லேவியராகமம் 19-ல் "பரிசுத்தராயிருங்கள்" என்று ஆரம்பிக்கிற அதே அதிகாரம், கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் வைத்துக்கொள்ளாதே என்கிறது, சுமுத்திரையான, அதாவது சரியான, படி வேண்டும் என்கிறது. அப்பா அந்த அதிகாரத்தை எங்களுக்கு வாசித்தும் காட்டியிருக்கிறார். நான் பத்து வருஷம் சபைப் பக்கமே போகவில்லை.

சிரியம் அண்ணன்:
தம்பி, மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். டின்னுக்குள் போனது பெருவிரல், அதை எடுக்கச் சொல்ல வேண்டியதுதான். அதற்கு ஜெபத்தை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? அந்த ஒரு மணி நேரமும் இல்லாமல் போயிருந்தால் உங்கள் அப்பா சரியாக அளந்திருப்பாரா?

அரிசிக்கடை மகன்:
தெரியவில்லை அண்ணே. நானும் பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த அதிகாரம் எனக்குத் தெரிந்ததே அவர் வாசித்ததால்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். இப்போது கடை என் கையில். டின்னை வெளியே பிடித்துத்தான் அளக்கிறேன். வீட்டில் குடும்ப ஜெபத்தை மட்டும் இன்னும் ஆரம்பிக்க முடியவில்லை, வாய் வரமாட்டேன் என்கிறது.

மோல்மேன் அக்கா:
வரும் தம்பி. வராவிட்டால் சோற்றுக்கு முன்னால் ஒரு வரி போதும். சிரியம் அண்ணன் கோபிப்பார், கோபிக்கட்டும்.

சிரியம் அண்ணன்:
கோபம் இல்லை. ஒரு வரி பற்றாது என்றுதான் சொல்வேன்.

தமுவே தகப்பன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். அதே சங்கீதம்தான், பெரிய மகள் வாசிக்கிறாள், ஏழே முக்காலுக்குக் கரன்ட். என் மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள், வேண்டுமென்றேதான். நான் எழுந்து போனேன். பின்கட்டில் இருட்டு, சுவரில் வரிசையாய் நான்கு சுவிட்ச், எது மோட்டார் என்று தெரியவில்லை. பதினோரு வருஷமாய் அந்த வீட்டில் இருக்கிறேன். ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன், விளக்கு எரிந்தது, அடுத்தது ஒன்றுமே ஆகவில்லை. உள்ளேயிருந்து, "கடைசி சுவிட்ச், ரெண்டு தடவை அழுத்தணும்" என்றாள்.

சிரியம் அண்ணன்:
அது சரி. சங்கீதத்தை முடித்தீர்களா இல்லையா?

தமுவே தகப்பன்:
ஏழாம் வசனத்தில் நிற்கிறது அண்ணே. சின்னவன் தூங்கிவிட்டான். இன்றைக்கு எட்டிலிருந்து.