டெங்கு வார்ட்டில் ஒரு மூத்திரப் போத்தல்

உப்புவெளி:
காய்ச்சல் விட்டு அரை நாள். பிள்ளை 20 கிலோ. தாய் வீட்ட போக உடுப்பெல்லாம் அடுக்கியிட்டா. வார்ட்டுத் தாதி மிஸ் வந்து கட்டிலுக்குக் கீழ இருந்த போத்தலை வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தா. நாலு மணித்தியாலத்துக்கு 25 மில்லி, தேத்தண்ணி நிறத்தில. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி எண்டாலும் 40 வந்திருக்கவேணும். உடனே பிரஷர் பார்த்தா 90க்கு 72. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் வித்தியாசம் 18தான். அந்த வித்தியாசம் 20க்கு இறங்கினாலே ஷொக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமப் போற ஆபத்து நிலை எண்டு எடுக்கவேணும். பிள்ளை அந்த நேரமும் ஃபோனில கார்ட்டூன் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகுதில்ல.

கிண்ணியா:
2017ல இஞ்ச கிண்ணியாவில டெங்கு பரவினதக் கண்டவங்களுக்கு விளங்கும். காய்ச்சல் விட்டா சுகம் எண்டுதான் எல்லா உம்மாவும் நினைக்கிற. இளநீர் நிறையக் குடுத்திருந்தா இப்படி வந்திராது. பக்கத்துக் கட்டில் புள்ளைக்கு மணிக்கொரு இளநீர், நல்லாத்தான் இருந்திச்சு.

சாம்பல்தீவு, தாதி:
தம்பி, அதை ஏற்கேலாது. காய்ச்சல் விடுற நேரம் சிலருக்கு ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், 24 தொடங்கி 48 மணித்தியாலம் வரை. அந்த நேரம் அளவில்லாமக் குடுத்தா நெஞ்சிலயும் வயித்திலயும் போய்த் தேங்கும், மூச்சு முட்டும். குறைஞ்சா ஷொக், கூடினா இது. அதனால வாயால குடுக்கிறதையும் சேலைனையும் கூட்டி ஒரே கணக்கில எழுதவேணும். மூத்திரம் மணிக்குக் கிலோவுக்கு அரையிலிருந்து 1 மில்லி. அதுக்கு மேல போனா நீரைக் குறைக்கிறதுதான் முறை. பிளேட்லட்டை மட்டும் கேட்டுக்கொண்டு நிக்காதீங்க, பீசிவி, அதாவது ரத்தத்தில சிவப்பணு எத்தனை சதவீதம் எண்ட அளவு, கூடுதா எண்டு கேளுங்க. முதல் இருந்ததை விட 20 சதவீதம் ஏறினா கசியுது.

கேக்காட்டியும் சொல்லுறன்: சிவப்பு, கபில நிறக் குடிபானம் வேண்டாம். சத்தி எடுத்தா ரத்தமா சாயமா எண்டு தெரியாது. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. டைக்ளோபெனக், புரூஃபன் மாதிரி நோவுக் குளிசை தொடவே கூடாது, ரத்தப்போக்கு வரும். காய்ச்சல் தொடங்கின மூண்டாம் நாளில ரத்தம் சோதிக்கவேணும்.

உப்புவெளி:
ஓம் அக்கா. அந்தப் பிள்ளையின்ட மூத்திர அளவு எழுதுற சார்ட்டில இரவு 10க்குப் பிறகு எல்லாப் பெட்டியும் வெறுமை. போத்தலைக் குடுத்தவ சிங்களத்தில சொன்னவ, தாய் தலையாட்டினவ. பகல்ல மட்டும் பிடிக்கிறது எண்டுதான் அவவுக்கு விளங்கியிருக்கு. சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க எண்டு ஒருக்காக் கேட்டிருந்தா விடியமுன்னமே பிடிபட்டிருக்கும்.