மொகேக்கா கபிஷாபா தண்ணீராகவே வருகிறது, என்ன செய்ய?

பிரேசிலின் விட்டோரியாவில் இருக்கிறேன். 3 மாதமாக ஞாயிறுதோறும் இந்த ஊர் மீன் குழம்பான மொகேக்கா கபிஷாபா வைக்கிறேன், ஒரு தடவைகூடச் சாறு கெட்டியாக வரவில்லை. சட்டி இங்குள்ள கொயபெய்ராஸ் பகுதியில் வாங்கிய கறுப்பு மண்சட்டிதான், பழக்கியாயிற்று, ஒழுகல் இல்லை. மீன் பாதேஜு, அதாவது நம்ம களவா மாதிரி, ஒரு கிலோ, எலும்போடு தடித் துண்டுகள், கடையில் உறைய வைத்தது. தக்காளி 4, வெங்காயம் 2, கொத்தமல்லித்தழை, எலுமிச்சை, உருக்கூம் விதை காய்ச்சிய சிவப்பு எண்ணெய். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை, ஆனாலும் 10 நிமிடத்தில் துண்டுகள் மிதக்க ஆரம்பித்து, எண்ணெய் தனியாகச் சிவப்பு வட்டமாக மேலே நிற்கிறது.

மீனை ராத்திரி முழுக்க வடியவிட்டேன். தக்காளி விதையை எடுத்தேன். மூடியைத் திறந்து வைத்து இன்னும் 15 நிமிடம் கொதிக்கவிட்டதில் மீன் உதிர்ந்து புட்டாகிவிட்டது. ஒரு வாரம் தேங்காய்ப்பால் ஊற்றினேன், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து “இது பக்கத்து மாநிலமான பாஹியாவின் சமையல், அப்புறம் தெந்தே (செம்பனை) எண்ணெயும் ஊற்றவேண்டியதுதானே” என்று சிரித்துவிட்டுப் போனார். மிஞ்சிய சாற்றில் மரவள்ளி மாவு கிளறிப் பிரான் என்ற கஞ்சி செய்வதால் வீணாகவில்லை, ஆனால் எத்தனை வாரம்தான் கஞ்சி சாப்பிடுவது?

தேங்காய்ப்பால், மாவு எதுவும் சேர்க்காமல், மீனும் உடையாமல் இந்தச் சாற்றைச் சுண்ட வைப்பது எப்படி?