பின்சில்லு நெளிவு: நிப்பிளோடு கம்பியும் சேர்ந்து முறுகுகிறது, என்ன செய்யலாம்?

கல்லடி:
26 அங்குலச் சைக்கிள், கியர் இல்லை, பின்சில்லில் 36 கம்பி. படுவான்கரையிலிருந்து நெல்மூட்டை ஏற்றிவரும் சைக்கிள். ஓரிடத்தில் ரிம் இடப்பக்கம் சாய்ந்து பிரேக் கட்டையில் உரசுகிறது. வலப்பக்கக் கம்பிகளை இறுக்கிப் பார்த்தேன். நிப்பிள் (கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சின்னத் திருகு) திரும்புகிறது, ரிம் அசையவில்லை. கம்பியும் கூடவே முறுகுகிறது. கடைக்குக் கொடுக்காமல் நானே பழக ஆசை.

களுவாஞ்சிகுடி:
தம்பி, கடற்கரைச் சைக்கிள்களில் இது வழமை. உப்புக்காற்றில் நிப்பிளும் கம்பியும் துருவேறி ஒட்டிக்கொள்ளும். கம்பி நிப்பிளுக்குள் போகும் இடத்திலும், நிப்பிள் ரிம்முக்குள் போகும் இடத்திலும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள். ரிம்மில் வழிந்ததைத் துடைக்காவிட்டால் பிரேக் பிடிக்காது. அப்புறம் முதலில் கொஞ்சம் தளர்த்தித் துருவை உடைத்துவிட்டு இறுக்குங்கள். கம்பியில் சின்ன டேப் துண்டைக் கொடிபோல ஒட்டினால் அது முறுகுவது உடனே தெரியும். குறட்டால் நிப்பிளைத் திருப்ப வேண்டாம், மூலை மழுங்கிவிட்டால் பிறகு நிப்பிள் திருப்பும் சாவியும் பிடிக்காது.

காத்தான்குடி:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் திசையிலும் கவனம் வேண்டும். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசை இறுக்கம். அச்சுப் பக்கமிருந்து பார்த்தால் அதுவே எதிர்த்திசையாகத் தெரியும், நிறையப் பேர் குழம்புவது இதில்தான். ஒரு தடவைக்குக் கால் சுற்று. வலதை இறுக்கும் அளவுக்கு அங்குள்ள இடதைத் தளர்த்துங்கள். இறுக்கிக்கொண்டே போனால் அந்த இடம் அச்சை நோக்கி இழுபட்டு, சில்லு வட்டம் கெடும்.

கல்லடி:
நன்றி அண்ணன், நன்றி நானா. எண்ணெய் விட்டதும் நிப்பிள்கள் இளகிவிட்டன, நெளிவும் பாதி குறைந்துவிட்டது. மீதி மசியவில்லை. அந்த இடத்தில் வலக்கம்பிகள் தட்டினால் கணீரென்கின்றன, இடக்கம்பிகள் தொளதொளவென்று கிடக்கின்றன.

களுவாஞ்சிகுடி:
அப்படியென்றால் நெளிந்தது ரிம்தான், கம்பியால் எடுபடாது. இன்னும் இறுக்கினால் கம்பி அறும், இல்லாவிட்டால் ரிம்மில் நிப்பிள் துளை வெடிக்கும். கட்டையில் உரசாத அளவுக்கு வந்தாலும் தொளதொளத்த கம்பிகளோடு மூட்டை ஏற்ற முடியாது. 36 துளையுள்ள, அதே அளவு ரிம் வாங்குங்கள். பழைய ரிம்மையும் கொண்டுபோய் ஆழத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், ஆழம் மாறினால் கம்பி நீளமும் மாறும். அச்சு அப்படியே இருக்கட்டும்.

கல்லடி:
கம்பிகளும் மாற்ற வேண்டுமா?

காத்தான்குடி:
கம்பியின் கொண்டை அச்சில் வளையும் இடத்தைப் பாருங்கள். அங்கே துரு அரித்திருந்தால் மாற்றுங்கள், மேலே செம்மை பூத்தது மட்டும் என்றால் ஓடும். நிப்பிள்களை மட்டும் புதிதாகப் போடுங்கள், திருகு இழையில் கிரீஸ் தடவி.